முதல் எண்ணை எழுதாத மிஸி

எங்கள் கிளினிக்குக்கு ரத்தக் கொதிப்பு பார்க்க வருகிறவர்களை மிஸி முதலில் வெளியே துரத்திவிடுவார். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றுவார், எண்ணைப் பார்ப்பார், பேனாவைத் தொடமாட்டார். “பின்னால போயி ஒக்காருங்க, நான் வந்து கூப்பிடறேன்,” என்பார். புதிதாக வந்தவர் என்னைப் பார்த்து முழிப்பார். நான் பதிவு மேசையில் இருந்தபடியே பின்கதவைக் காட்டுவேன். காய்ச்சல்காரர்கள் வரிசையில் காத்துக் கிடக்கும்போது நன்றாக இருக்கிற ஆட்களோடு மெனக்கெடுகிறாரே என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

தாதிகளை எங்கள் பக்கத்தில் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பெயர் உண்டு. அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் சொல்லியிருக்கவேண்டிய ஒன்றைப் பன்னிரண்டு வருடம் சொல்லாமல் வைத்திருந்தவள் நான். அதனால் அவர் என்னவெல்லாம் இழந்தார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவளும் நான்தான். படிக்கிறவர்கள் எங்கள் இருவரில் யார் மேல் வேண்டுமானாலும் கோபப்பட்டுக்கொள்ளலாம்.

கிளினிக் கோலசிலாங்கூரில் ஒரு கடைவரிசையின் கடைசியில் இருந்தது. பின்கதவைத் திறந்தால் பத்தடிக்குச் சிமெண்டுத் தரை, அதற்கப்புறம் சதுப்பும் அலையாத்தி மரங்களும். வேர்களுக்கு நடுவே ஓர் ஓடை. தண்ணீர் வற்றும் நேரத்தில் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சிவப்பு நண்டுகள் சேற்றில் வந்து நிற்கும். சில நாள் சாம்பல் குரங்குகள் ஆரஞ்சு நிறக் குட்டிகளை வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு தளிர் தின்ன வரும். சிமெண்டுத் தரையின் ஓரத்தில் சுவர் நிழலில் ஒரு பலகை பெஞ்சு கிடந்தது. மிஸியின் வைத்தியசாலை அதுதான்.

பெஞ்சுக்குச் சட்டங்கள் உண்டு. கைப்பேசியைக் கதவோரம் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும். எதையும் எண்ணக் கூடாது. மூன்றாவது சட்டம் எதற்கு என்று பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து வரும் மீன் வியாபாரி ஒருவர் கேட்டார்.

“நண்ட எண்ண ஆரம்பிச்சா அடுத்து வீட்டுல உள்ளத எண்ணுவீங்க. நான் மறுபடி பட்டையச் சுத்த வேண்டியதுதான்,” என்றார் மிஸி.

ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிற ஒரு மனிதர் முதல் முறை வந்தபோது பெஞ்சுக்குப் போகவே மறுத்துவிட்டார். இருபது வருடமாக நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து வெட்டி வெட்டிக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துபோனவர்.

“என்னா மிஸி வெளயாடறீங்களா? காலையிலேருந்து மரத்துக்குக் கீழதான் நிக்கிறேன். மரத்தப் பாத்தாலே எனக்குக் கழுத்து வலிக்குது. இங்கயும் மரமா?”

“அந்த மரம் ஒங்ககிட்ட குல கேக்குது. வேல வாங்குற மண்டோரு டன்னு கேக்குறாரு. இது ஒண்ணுமே கேக்காதுய்யா. சும்மா போயி ஒக்காந்து பாருங்க.”

போனார். கால்மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது எண் இருபத்தெட்டு இறங்கியிருந்தது. மிஸி அந்த இரண்டாவது எண்ணைத்தான் அவருடைய பிரஷர் புத்தகத்தில் எழுதினார். “மொதல்ல வந்தது கிளினிக்கோட நம்பரு. பஸ்ஸோடது, வெயிலோடது, ஒங்க மண்டோரோடது. இதுதான் ஒங்களோடது,” என்றார். எத்தனையோ பேரிடம் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த மனிதர் புத்தகத்தைப் பள்ளி ரிப்போர்ட் கார்டு மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

உடனே நம்பிவிடுகிற ஆள் இல்லை நான். ஏசி அறையில் உட்கார்ந்தாலும் இறங்கத்தானே செய்யும் என்று ஒருநாள் வம்புக்குக் கேட்டேன். மிஸி சண்டைக்கு வரவில்லை. ஒரு வாரம் பாதிப் பேரை முன்னறையில் தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார வைத்தார், பாதிப் பேரைப் பெஞ்சுக்கு அனுப்பினார். எண்களை என் கையாலேயே எழுதச் சொன்னார். முன்னறைக்காரர்களுக்குக் கொஞ்சம் இறங்கியது, இரண்டு பேருக்கு ஏறியும் இருந்தது. பெஞ்சுக்காரர்களுக்கு நன்றாக இறங்கியிருந்தது. அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் கடிகாரம் பார்த்து ஆளைக் கூப்பிடுகிறவர் அல்ல. மருந்து அறையின் சின்ன ஜன்னலில் நின்று வெளியே இருப்பவரின் முதுகைப் பார்ப்பார். முதலில் தோள் இறங்கும். பிறகு கால் விரல்கள் விரியும். கடைசியாக ஒரு கொட்டாவி வரும். கொட்டாவி வந்துவிட்டால் என்னிடம் திரும்பி, “ஆச்சு, கூட்டிட்டு வாம்மா,” என்பார். கூட்டிவந்ததும் பட்டையைச் சுற்றுவதற்கு முன் விரல்நுனியைத் தொட்டுப் பார்ப்பார். குளிர்ந்திருந்த விரல்கள் சூடாகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் பெஞ்சு. கொட்டாவியைப் பொய்யாக விட்டு ஏமாற்றப் பார்த்தவர்களும் உண்டு. விரல் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவு நம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஒரு மதியம் சொன்னார். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெஞ்சில் அவரே போய் உட்காருவார். யூனிஃபார்முக்குள் செருகியிருக்கும் சிலுவைச் சங்கிலியை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு, சோற்றுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் திறக்காமலே இருப்பார். இங்கே வருவதற்கு முன் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை பார்த்தாராம். அங்கே ஒரு கட்டத்தில் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஊசியை நரம்பில் சரியாக இறக்க முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு, சிறியதாக இருக்கிறதே என்று எங்கள் கிளினிக்குக்கு வந்தார்.

“வந்த மொத நாளு சோத்த எடுத்துட்டு இங்க வந்தேன். ஒரு நண்டு கைய ஆட்டிக்கிட்டே நிக்குது. பாத்துட்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு என் கையப் பாக்கறேன், ஆடல. எட்டு மாசத்துல அன்னிக்குத்தான் ஆடாம இருந்துச்சு. எந்த மாத்திரைக்கும் கேக்காத கை,” என்றார். “படிச்சத மறந்துபோலாம்மா. ஒடம்புல பாத்தத எப்பிடி மறக்கறது?”

அன்று நானும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகளின் பள்ளிக்கூடத் தொல்லை ஒன்று மண்டைக்குள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. எனக்கும் ஒரு கொட்டாவி வந்தது. மிஸி சிரித்தார்.

பெயர் பரவியது. சபாக் பெர்ணத்திலிருந்தும் கலும்பாங்கிலிருந்தும் கூட ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் மன அமைதிக்காக வரவில்லை என்பது மேசையில் இருந்த எனக்குத் தெரியும். லோரி ஓட்டுகிறவர்களுக்கு லைசன் புதுப்பிக்க மெடிக்கல் வேண்டும். ஜாகா என்கிற காவல் வேலைக்குப் போகிறவர்களுக்கும் வேண்டும். வேறு இடத்தில் பார்த்தால் ஃபெயில், இங்கே பெஞ்சில் உட்கார்ந்தால் பாஸ் என்ற பேச்சு செம்பனை எண்ணெய் மில் வாசல்களில் ஓடியது. மிஸிக்கு இது எட்டவில்லை. எட்டியிருந்தாலும், நோயாளி நன்றாக இருக்க ஆசைப்படுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார். டாக்டர் புத்தகத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பெஞ்சு பொய் சொல்லவில்லை. சிக்கலே அதுதான்.

என் அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. மாதம் ஒருமுறை நான்தான் அவரை மிஸியிடம் இழுத்துக்கொண்டு போவேன். அவருக்கு அந்தப் பெஞ்சு அப்படிப் பிடித்துப்போயிற்று. தனக்குத் தெரிந்த மண்டோர்களின் பெயரையெல்லாம் நண்டுகளுக்கு வைத்திருந்தார். பெஞ்சுக்குப் பிறகு அவருடைய எண் எப்போதும் அழகாக இருக்கும். அதனால் மாத்திரையைப் பாதி நாள் விழுங்கமாட்டார். “மிஸியே சொல்லிட்டாங்க, என்னோட நம்பரு நல்ல நம்பருன்னு,” என்பார்.

ஒரு சந்தேகத்தில் நான் ஒரு சின்ன பிரஷர் மெஷின் வாங்கினேன். லோரியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்ததும் அவர் கையில் மாட்டிவிடுவேன். ஆறு நாள் பார்த்தேன். நூற்றெண்பத்தாறு, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்றெண்பத்தெட்டு, நூற்றுத் தொண்ணூறு, இருநூற்றொன்று, நூற்றெண்பத்தொன்பது. காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி, அவருக்குத் தெரியாமல் அவருடைய புத்தகத்துக்குள் வைத்தேன். மிஸி பார்க்கட்டும் என்று.

அந்த மாதம் அவருக்கு லைசன் மெடிக்கல் வந்தது. முதல் நாள் சாயங்காலம் என் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

“இந்த லைசன் போச்சுன்னா எனக்கு வேற என்னா தெரியும் பாப்பா? ஜாகா வேலைக்குப் போயி கேட்டத் தொறந்து விடவா?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மறுநாள் காலை புத்தகம் முதலில் என் கைக்குத்தான் வந்தது. பதிவு மேசை என்னுடையதுதானே. திறந்தேன். என் கையெழுத்து. லைசன் கைக்கு வரட்டும், அடுத்த வாரம் மிஸியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தாளை எடுத்துவிட்டுப் புத்தகத்தை உள்ளே அனுப்பினேன். மிஸி அண்ணனைப் பின்னால் அனுப்பினார். மருந்து அறை ஜன்னல் வழியாக நானும் பார்த்தேன். தோள் இறங்கியது. கொட்டாவி வந்தது. கொட்டாவி மட்டுமில்லை, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. மிஸி, “பாவம், நல்லா தூங்கட்டும்,” என்று இன்னும் பத்து நிமிடம் விட்டுவைத்தார். எண் நூற்று முப்பத்தாறு. அந்தத் தாளைச் சாயங்காலம் ஒரு பெட்ரோல் நிலையத்துக் கழிவறையில் கிழித்துப் போட்டேன்.

அடுத்த வாரம் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. லைசன் வந்துவிட்டது, வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். ஐந்தாவது வாரம் மில் வாசல் வரிசையில், உச்சி வெயிலில், முன்னால் இருந்த லோரி நகர்ந்தும் அண்ணனுடைய லோரி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்திருக்கிறார்கள். இறங்கி வந்து பார்த்தவர், அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததாகச் சொன்னார். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. இரண்டு நாள் மூச்சு மட்டும் இருந்தது.

உடலை எடுத்த மூன்றாம் நாள் மிஸி வீட்டுக்கு வந்தார். யூனிஃபார்மில் வரவில்லை. கையில் பிரஷர் பெட்டி மட்டும் இருந்தது. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார். லோரி வாசலில் நின்றது. “ஏறு,” என்றார். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. ஓட்டுகிறவர் இடத்தில் நான், பக்கத்தில் அவர். என்ஜினைப் போடச் சொன்னார். சீட்டு அதிர்ந்தது. வெயில் கண்ணாடி வழியாக மடியில் இறங்கியது. அழுகிய குலையின் வாடை அடித்தது. அவர் என் கையில் பட்டையைச் சுற்றினார். எனக்குக் கொதிப்பு கிடையாது. நூற்று அறுபத்தைந்து காட்டியது.

“இங்க பாத்திருக்கணும் நான்,” என்றார். “அவரு பத்து மணி நேரம் இங்க இருந்தாரு. நான் கால்மணி நேரத்த எழுதிக் குடுத்தேன்.”

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அண்ணி வாசலுக்கு வந்து, “மிஸி நல்லாத்தான் பாத்தாங்க. அவரு தலையெழுத்து,” என்று அழ ஆரம்பித்தார். நான் என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். அண்ணிக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அண்ணி இல்லாத நாட்களிலும் நான் சொல்லவில்லை.

கிளினிக்கில் பின்கதவைப் பூட்டிவிட்டார்கள். பூட்டச் சொன்னதே மிஸிதான். முதல் எண், இரண்டாவது எண், மூன்றாவது எண் எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுத ஆரம்பித்தார். விடுமுறை நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நோயாளிகளின் வீட்டுக்கே போனார். அடுக்குமாடியின் படியில், குலை நிறுக்கிற இடத்தில், சண்டை நடக்கிற சமையலறையில் எல்லாம் ஆட்களை நிறுத்திப் பார்த்தார். ஆட்கள் அவரைக் கண்டால் நழுவ ஆரம்பித்தார்கள். குலை வெட்டுகிற அந்த மனிதர் என்னிடம் கெஞ்சிக்கூடப் பார்த்தார்.

“அந்தக் கதவ மட்டும் தொறந்து விடச் சொல்லு லா. பிரஷர் பாக்க வேணாம், சும்மா ஒக்காந்துட்டுப் போறேன். மாசத்துல அந்த ஒரு கால்மணி நேரந்தான் எனக்குக் கழுத்து வலிக்காது.”

மிஸியிடம் சொன்னேன். பூட்டு அப்படியேதான் தொங்கியது. அவரும் இப்போது சாப்பாட்டை மருந்து அறையில் நின்றபடி சாப்பிட்டார். சில மாதத்தில் அவருடைய கை மறுபடி நடுங்கத் தொடங்கியது. ஒரு குழந்தைக்கு ரத்தம் எடுக்க மூன்று முறை குத்தவேண்டியதாயிற்று. குழந்தையின் தகப்பன் கத்தினான். மிஸி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தையில் அந்தக் கையை நிறுத்தியிருக்கக்கூடியவள் நாலடி தள்ளி மேசையில் உட்கார்ந்து ஸ்டாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டார்.

நான் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறேன். அலையாத்திக் காட்டை ஒட்டிய பாதையில் நடக்கவேண்டி வந்தால் வேகமாக நடப்பேன். உடம்புக்கு வெட்கம் கிடையாது. காற்று பட்டதும் என் தோள் தானாக இறங்குகிறது. விரல் சூடாகிறது. கொட்டாவி வருவது தெரிந்தால் வாயை இறுக மூடிக்கொள்வேன். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பார்க்கிறவர்கள் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம் முடிவாயிற்று. பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் பட்டியலில் மிஸியின் பெயரை நானே எழுதினேன். கலும்பாங்கில் தங்கை வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு ஒரு காலையில் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கினார். அது அவர் கையில் படபடவென்று ஆடியது. மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணி எப்படி இருக்கிறார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று வரிசையாக விசாரித்தார். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் சொன்னேன். மெஷின் வாங்கியது, ஆறு நாள் பார்த்தது, காலண்டர் தாள், புத்தகத்தைத் திறந்தது, எடுத்தது எல்லாம். பாதியில் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. வீட்டு விலாசம் சொல்வது போலச் சொல்லி முடித்தேன்.

“என்னென்ன நம்பரு?” என்று கேட்டார்.

ஆறையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். இருநூற்றொன்றில் மட்டும் நின்று, பிறகு அடுத்ததைச் சொன்னார்.

“அந்தத் தாளு உள்ள இருந்திருந்தாலும் நான் பாத்திருக்க மாட்டேன்மா. வீட்டுல பாத்த நம்பருதானேன்னு மடிச்சு வச்சிருப்பேன். அப்போ எனக்கு அப்பிடி ஒரு நம்பிக்க,” என்றார்.

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. தங்கை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மிஸி கிளாசை எடுக்கவில்லை. எனக்காவது குடிக்க வேண்டும் என்று தோன்றியது, குடித்தேன். நான் கிளாசைக் கீழே வைத்ததும் மறுபடி பேசினார்.

“பன்னெண்டு வருசமா நான் ஒருத்திதான்னு நெனச்சிட்டு இருந்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அன்றைக்காவது நான் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன்.